தாளிக்கும் கையைக் கொஞ்சம் கட்டிப்போடுங்கள்

தில்லி ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. சைவக் குடும்பம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருவரும் தாய்லாந்து, மெக்சிகோ, இத்தாலி என்று வாரம் ஒரு நாளாவது வேற்று நாட்டுச் சாப்பாடு கேட்கிறார்கள். காணொளியைப் பார்த்து வரி பிசகாமல் செய்தாலும் ஒன்று சப்பென்று இருக்கிறது, இல்லாவிட்டால் எல்லாமே குருமா வாசனையில் போய் முடிகிறது. விலை கொடுத்து வாங்கிய பாட்டில்கள் அலமாரியில் தூங்குகின்றன. எந்தப் பொருள் விடுபடுகிறது? ஓவன் வாங்கினால்தான் சரிவருமா?

பொருள் எதுவும் விடுபட்டதாகத் தெரியவில்லை. கைதான் பழைய தடத்திலேயே போகிறது. நம் வீட்டில் சட்டி அடுப்பேறியதும் எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை; அடுத்து வெங்காயம், பொன்னிறம் வரும்வரை; பிறகு தக்காளி, மஞ்சள்தூள். இதையெல்லாம் யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். இந்த வரிசைக்குள் எந்த நாட்டுப் பொருளைக் கொண்டுவந்து போட்டாலும் அது இரண்டு கொதியில் தமிழ் பேச ஆரம்பித்துவிடும். ஆகவே ஒரு சமையல் குறிப்பைப் படிக்கும்போது ‘என்னென்ன போடுகிறார்கள்’ என்பதைவிட ‘எதை எப்போது போடுகிறார்கள்’ என்று பாருங்கள். ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். தில்லியில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டில் பெருமை காட்டுவதற்காகத் தாய்லாந்துப் பச்சைக் கறி செய்தேன். விழுதை எண்ணெயில் வதக்கி, காயைப் போட்டு வேகவைத்து, திருநெல்வேலிக்காரனுக்கே உரிய பக்தியோடு கடைசியில் தேங்காய்ப்பாலை ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கினேன். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, “சொதி நன்றாகத்தான் இருக்கிறது. இதில் எதற்காகப் புல்லைப் போட்டாய்?” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. சொதிக்குத் தேங்காய்ப்பால் திரியக் கூடாது. பச்சைக் கறிக்கோ திரிந்தே ஆக வேண்டும். அங்கே முதல் பாலைத்தான் முதலில் சட்டியில் ஊற்றுவார்கள். ஒரு கோப்பைக் கெட்டிப் பாலை மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால் தண்ணீர் வற்றி, ஓரத்தில் எண்ணெய் பளபளவென்று பிரியும். அந்த எண்ணெயில்தான் விழுது வதங்க வேண்டும். பச்சை வாசனை போய் வீடு முழுக்க மணம் எழுந்த பிறகு இரண்டாம் பால், காய், உப்பு, கொஞ்சம் வெல்லம். பொருள்கள் அதேதான், வரிசை மட்டும் தலைகீழ். இதைச் செய்துபார்த்த அன்றுதான் ஹோட்டலில் வருகிற ருசி வீட்டில் ஏன் வருவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டியில் வரும் தேங்காய்ப்பால் பலவற்றில் பால் பிரியாமலிருக்க ஏதாவது சேர்த்திருப்பார்கள். அதை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் எண்ணெய் விடாது. அப்போது ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்து அதில் விழுதை வதக்கிக்கொள்ளலாம். அதைவிட நல்லது, ஒரு முற்றிய தேங்காயை உடைத்து நீங்களே பாலெடுப்பது. நமக்குத் தெரியாத வேலையா அது!

விழுதுக்கான பொருள்களுக்கு நீங்கள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருப்பீர்கள். எலுமிச்சைப்புல், கலங்கல் கிழங்கு, காஃபிர் எலுமிச்சை இலை எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் அவற்றில் பலவற்றின் உறவுக்காரர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். கலங்கல் என்பது நம் பேரரத்தைதான். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்து கிடப்பதைத் தாய்லாந்தார் பச்சைக் கிழங்காக அரைக்கிறார்கள். காய்ந்ததைப் போட்டால் கஷாய வாடை வந்துவிடும். பச்சைக் கிழங்கு கிடைக்காத நாளில் இஞ்சியைப் பாதி அளவு போட்டுச் சமாளியுங்கள். காஃபிர் எலுமிச்சை இலை இல்லையென்றால் எலுமிச்சை அல்லது நாரத்தையின் இளம் இலையை நரம்பு நீக்கிப் பொடியாக நறுக்குங்கள். வேப்பிலைக்கட்டி இடித்த கைக்கு அந்த வாசனை புதிதில்லை. தாய்லாந்துத் துளசி என்று விலை உயர்த்தி விற்பது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம். வாணலியில் காரமாக வதக்கும் ‘கப்ராவ்’ என்ற பண்டத்துக்கு அவர்கள் போடுவதோ நம் மாடத்துத் துளசியின் வகையேதான். அதைப் பறித்துப் பூண்டோடு வதக்கலாமா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்; நான் குறுக்கே வரவில்லை.

கொத்தமல்லி வேரை எறியாதீர்கள். தில்லிக் காய்காரர் கொசுறாகக் கொடுக்கிற கொத்தமல்லிக் கட்டில் பல நாள் வேரும் சேர்ந்தே வரும். மண் போகக் கழுவிப் பூண்டு, வெள்ளை மிளகோடு இடித்தால் தாய்லாந்துச் சமையலின் அடிநாதமே அதுதான்.

சைவக்காரருக்கு உண்மையில் விடுபடுவது வேறொன்று. பச்சைக் கறி விழுதில் இறால் விழுது இருக்கும். தாய்லாந்தில் மீன் சாறு, ஜப்பானில் காய்ந்த மீனின் வடிநீர், இத்தாலியில் பாலாடைக்கட்டி, பிரான்சில் எலும்புச் சாறு. இவற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டால் பண்டத்துக்கு அடித்தளமே இல்லாமல் போகிறது. நீங்கள் சொல்லும் ‘சப்’பென்ற குறை இதுதான். உப்பு, காரம், புளிப்பு எல்லாம் சரியாக இருந்தும் நாக்கில் நிற்காத குறை. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா, கொம்பு என்ற கடற்பாசியின் வடிநீரிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அது தரும் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். மீன் இல்லாமலும் அதைக் கொண்டுவரலாம். நான்கு காய்ந்த ஷிடாகே காளான்களை இரண்டு கோப்பை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பழுப்பாக இறங்கும் நீரோடு இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்தால் மீன் சாறு வேண்டிய இடங்களில் பெரும்பாலும் போதும். காய்கறி சூப்புக்கு நீங்கள் கடைக் கட்டியைக் கரைக்கவே வேண்டாம். ரசத்துக்கு வடிக்கும் துவரம்பருப்புத் தண்ணீர் இத்தாலிய மினெஸ்ட்ரோனேக்கு அருமையான அடித்தளம். நம் பாட்டிமார் அதற்குப் பிரெஞ்சுப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இறால் விழுதுக்குப் பதில் தேடினால் தில்லியில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. வடக்குத் தாய்லாந்தில் பல சமையல்களில் இறால் விழுதின் இடத்தில் புளித்த சோயாவைப் பயன்படுத்துகிறார்கள். அதன் நெருங்கிய உறவு நாகாலாந்தின் அக்குனி. ஹுமாயூன்பூரில் வடகிழக்கு மாநிலத்தவர் நடத்தும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அரைத் தேக்கரண்டியை வாழையிலைத் துண்டில் மடித்துத் தணலில் வாட்டி விழுதோடு அரைத்தால் போதும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்குனி வாசனையால் நட்பு முறிந்த கதைகள் உண்டு.

அதோடு, பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். தாய்லாந்து விழுது டப்பாக்களில் பலவற்றில் இறால் இருக்கும். கடைக் கிம்ச்சியில் மீன் சாறு இருக்கலாம். வூஸ்டர் சாஸில் வழக்கமாக நெத்திலி உண்டு. இத்தாலியின் அசல் பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்று நொதியால்தான் உறையவைக்கிறார்கள். இது தெரியாமல் வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். இந்தியாவில் தயாரிக்கும் பாலாடைக்கட்டிகளில் சைவ நொதியில் உறையவைத்தவை கிடைக்கின்றன.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் தாய்லாந்து, மெக்சிகோ, இத்தாலி இருக்கின்றன. என்னைக் கேட்டால் சைவ வீடு எத்தியோப்பியாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் விரதம். அந்நாட்களில் இறைச்சி, பால், நெய் எதுவும் கிடையாது. அதனால் பருப்பையும் கீரையையும் வைத்து அவர்கள் வளர்த்த சமையலில் எதையும் நீக்கவோ மாற்றவோ வேண்டியதில்லை. ‘மிசிர் வொட்’ என்பது மைசூர்ப் பருப்புக் குழம்பு. தில்லியில் மைசூர்ப் பருப்பு இல்லாத மளிகைக் கடை உண்டா?

இங்கும் கையைக் கட்டிப்போட வேண்டிய ஓர் இடம் வரும். நான்கு பெரிய வெங்காயத்தை மிகப் பொடியாக நறுக்கி, அடி கனத்த பாத்திரத்தில் எண்ணெயே இல்லாமல் போட வேண்டும். சிறு தீ. அடி பிடிக்கும்போதெல்லாம் இரண்டு தேக்கரண்டி தண்ணீர். இருபது நிமிடத்தில் வெங்காயம் கரைந்து கூழாகி, சிவக்காமலே இனிக்கும். எண்ணெய் ஊற்றாமல் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது நம்மவருக்குப் பெரிய தவம், ஆனாலும் நில்லுங்கள். அதன் பிறகுதான் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய், பூண்டு, இஞ்சி, இரண்டு மேசைக்கரண்டி பெர்பெரே என்ற மிளகாய் மசாலாப் பொடி. ஐந்து நிமிடம் வதக்கி, கழுவிய பருப்பு ஒரு கோப்பை, தண்ணீர் மூன்று கோப்பை. குக்கரில் வைக்காதீர்கள், திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் மெல்ல வேகட்டும். விரதம் இல்லாத நாளில் எண்ணெய்க்குப் பதில் ‘நிட்டர் கிப்பே’ என்ற வாசனை நெய். வெண்ணெய் உருகும்போது வெங்காயம், பூண்டு, இஞ்சி, ஏலம், வெந்தயம், மஞ்சள் போட்டுக் காய்ச்சி வடிப்பார்கள். நெய் காய்ச்சி இறக்கும்போது முருங்கையிலை போடுகிற வீட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெர்பெரே பொடியைக் கடையில் தேட வேண்டாம். காய்ந்த மிளகாய், மல்லி, வெந்தயம், மிளகு, கிராம்பு, பட்டை, ஓமம், கருஞ்சீரகம், சுக்கு, ஏலம். காரி பாவ்லியில் ஒரு முறை நடந்தால் எல்லாம் பையில் இருக்கும். அவர்களுடைய கொரரிமா ஏலம் நமக்குக் கிடைப்பது அரிது. சாதாரண ஏலத்தோடு பெரிய ஏலக்காய் ஒன்றைச் சேர்த்தால் ஓரளவு கிட்டே வரும். வெந்தயத்தைச் சிவக்க வறுத்துவிட்டால் கசந்துபோகும், கவனம்.

மிசிர் வொட்டோடு தின்னும் இஞ்செரா, டெஃப் என்ற சிறு தானிய மாவைப் புளிக்கவைத்து ஒரே பக்கம் வேகவைக்கும் பெரிய ஆப்பம். டெஃப் நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. கேழ்வரகு கிடைக்கிறது, அதன் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். இரண்டு கோப்பைக் கேழ்வரகு மாவு, ஒரு கோப்பை மைதா, தோசை மாவைவிடத் தளர்வாகக் கரைத்து இரண்டு நாள் வையுங்கள். மூன்றாம் நாள் ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் மாவோடு கலந்துவிட்டால் கல்லில் கண் கண்ணாக எழும்பும். மூடி வேகவையுங்கள், திருப்பாதீர்கள். முழுக்கக் கேழ்வரகில் செய்தால் உடையும் என்பதால்தான் மைதா. ஜனவரியில் தில்லிக் குளிருக்கு இரண்டு நாள் போதாது. தோசை மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்திப் பழகிய உங்களுக்கு இதுவும் தெரிந்திருக்கும்.

மெக்சிகோவுக்கு வருகிறேன். உங்கள் பிள்ளைகள் டாக்கோ என்று கேட்பது பெரும்பாலும் கடையில் விற்கும் மொறுமொறு ஓட்டைத்தான். அதை விட்டுவிடுங்கள். இரண்டு விஷயம் பிடிபட்டால் மெக்சிகோ பிடிபடும். ஒன்று மிளகாய். நாம் காரத்துக்காக மிளகாய் போடுகிறோம். அங்கே பல குழம்புகளின் உடம்பே மிளகாய்தான், நமக்குத் தேங்காய் விழுது போல. குண்டூர் மிளகாயில் அந்த அளவு போட்டால் யாரும் வாய் வைக்க முடியாது. பயந்து இரண்டே இரண்டு போட்டால் குழம்பு தண்ணீராக ஓடும். அதனால் பன்னிரண்டு பியாடகி அல்லது காஷ்மீரி மிளகாயை விதை உதறி, வெறும் கல்லில் பத்து விநாடி மட்டும் வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, சுட்ட தக்காளி, சுட்ட பூண்டோடு அரையுங்கள். தக்காளியை நேரே தீயில் தோல் கருகச் சுடுங்கள், கத்தரிக்காய்க் கொத்சுக்குச் சுடுவது போல. அரைத்த விழுதைச் சூடான எண்ணெயில் கொட்டிச் சுருள வதக்கினால் அந்த நிறத்தைப் பார்த்தே பிள்ளைகள் அடுப்படிக்கு வந்துவிடுவார்கள்.

மற்றொன்று மக்காச்சோளம். மக்கா மாவில் டார்ட்டியா என்ற ரொட்டியைத் தட்டினால் உடைந்து போகிறதே, வாசனையும் வரவில்லையே என்று எல்லோரும் கேட்கிறார்கள். காரணம் சுண்ணாம்பு. மெக்சிகோவில் காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த பிறகே அரைக்கிறார்கள். அதனால் தோல் கழன்று மாவுக்கு ஒட்டும் தன்மை வருகிறது, அந்தத் தனி மணமும் வருகிறது. சோளத்தில் அடைபட்டுக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினும் உடலில் சேர்கிறது. இந்தச் சுண்ணாம்பு வித்தை இல்லாமல் சோளம் மட்டும் ஐரோப்பாவுக்குப் போனபோது, அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லக்ரா நோய் பீடித்தது. ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குப் பத்துக் கிராம் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர். எவர்சில்வர் பாத்திரம், அலுமினியம் கூடாது. உண்ணத் தகுந்த சுத்தமான சுண்ணாம்பாக இருக்க வேண்டும், வெள்ளையடிக்கும் சுண்ணாம்பைத் தொடாதீர்கள். அரை மணி கொதித்ததும் மூடி இரவு முழுக்க விட்டு, காலையில் தோல் போகத் தேய்த்து நான்கைந்து தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு நம் வெட் கிரைண்டர். கல்லில் அரைபடுவதுதான் அதற்கு முறை என்பதால் மிக்சியைவிட நன்றாக வரும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மாவு இளகிவிட்டால் மக்கா மாவு இரண்டு பிடி போட்டு இறுக்கிக்கொள்ளலாம். வேலைதான், மறுப்பதற்கில்லை. மாதம் ஒரு ஞாயிறு போதும்.

மெக்சிகோவுக்கு வேண்டிய ராஜ்மாவைப் போர்வெல் தண்ணீரில் வேகவைத்தால் மணிக்கணக்கில் ஆகும். அதிலுள்ள கால்சியம் தோலை இறுக்கிவிடுகிறது. ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய தண்ணீரில் ஊறவைத்து, அதிலேயே வேகவையுங்கள்.

இத்தாலிக்கு நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாஸ்தா தண்ணீரில் லிட்டருக்குப் பத்துக் கிராம் உப்பு. வெந்ததும் சேமியா மாதிரி பச்சைத் தண்ணீரில் அலசி எண்ணெய் பூசுவதை உடனே நிறுத்துங்கள், சாஸ் ஒட்டாமல் போவது அதனால்தான். இரண்டு நிமிடம் முன்பே எடுத்து, வெந்த நீர் ஒரு கரண்டியோடு சாஸில் போட்டு அங்கேயே முடியுங்கள். பூண்டைக் காய்ந்த எண்ணெயில் போடாமல், எண்ணெயும் பூண்டும் சேர்ந்தே சூடேறட்டும். அது சிவந்தால் இத்தாலி போய்விடும். தக்காளியைப் பொறுத்தவரை குளிர்காலம் முடிவதற்குள் நல்ல பழமாக வாங்கி, பாதியாகக் குறுகும்வரை காய்ச்சிப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தக்காளிக்குப் புளிப்பும் தண்ணீரும் அதிகம். கெட்சப் ஊற்றி அதை மறைக்கப் பார்த்ததுதான் உங்கள் பாஸ்தாவைக் கெடுத்தது என்பது என் சந்தேகம்.

புளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் புளியைக் கொதிக்கவிட்டுப் பச்சை வாசனை போக்குகிறோம். தாய்லாந்துச் சூப்பிலோ மெக்சிகோச் சல்சாவிலோ எலுமிச்சைச் சாறு அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். நம் எலுமிச்சைச் சாதத்துக்கும் அதுதானே விதி!

ஓவன் வேண்டாம். உங்களிடம் கனமான இரும்பு வாணலி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காளானோ பன்னீரோ நன்றாகச் சிவக்க 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஈரம் இருக்கும்வரை அவற்றின் மேற்பரப்பு நூறு டிகிரியைத் தாண்டாது. ஆகவே துணியால் துடைத்து, இரும்பு புகையக் காய்ந்த பிறகு, ஒரு ஆளுக்குரிய அளவு மட்டும் போட்டு எடுங்கள். நான்கு பேருக்கான நூடுல்ஸை ஒரே வாணலியில் கொட்டினால் வீட்டு எரிவாயு அடுப்பின் சூடு தாங்காது, எல்லாம் வெந்து குழைந்துவிடும். நான்கு முறை செய்யுங்கள். முதலில் வந்தவர் முதலில் சாப்பிடட்டும்.

அலமாரியில் தூங்கும் பாட்டில்களில் சோயா சாஸை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றின் தேதியைப் பாருங்கள், திறந்து ஆறு மாதம் தாண்டியிருந்தால் முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டிவிடலாம். இன்றிரவு வெங்காயமும் மைசூர்ப் பருப்பும் கைவசம் இருந்தால் மிசிர் வொட்டையே ஏற்றுங்கள். இஞ்செராவுக்கு மாவு புளிக்க இரண்டு நாள் ஆகும் என்பதால் இன்றைக்குச் சோற்றோடு சாப்பிட்டுக்கொள்ளலாம். கடுகு டப்பாவை மட்டும் எட்டாத தட்டில் வைத்துவிடுங்கள்.